இருபது டன் தணிப்பானும் ஐம்பது கிலோ கம்பியும்

விழிதியூரில் தரைத்தளமும் மேலே ஒரு மாடியுமாக ஒரு வீடு. தளத்துக்கு 100 சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு 1.2 டன் என்று பிடித்தால் மொத்த எடை 240 டன். இந்திய நிலநடுக்க விதியான ஐ.எஸ். 1893 (2016)-இன்படி காரைக்கால் பகுதி நிலநடுக்க மண்டலம் 2-இல் வருகிறது. அந்த விதி இந்த மண்டலத்துக்குத் தரும் எண் 0.10. அதில் பாதியை 2.5-ஆல் பெருக்கி, சாதாரண கான்கிரீட் சட்டகத்துக்குரிய 3-ஆல் வகுத்தால் 0.042. அதாவது, பூமி குலுங்கினால் இந்த வீட்டைப் பக்கவாட்டில் தள்ளும் விசையாக 10 டன் கணக்கில் வைக்க வேண்டும். பள்ளிக்கூடம் என்றால் ஒன்றரை மடங்கு, 15 டன்.

இந்தப் பத்து டன்னைத் தாங்க, நிலைமைக்கேற்ப இறுகித் தளரும் அதிர்வுத் தணிப்பான் வேண்டுமா? அமெரிக்காவின் நாட்டர்டாம் பல்கலைக்கழகத்தில் சோதித்த ஒன்றின் அளவைப் பாருங்கள். பிடிமானம் 20 டன், நீளம் 1 மீட்டர், எடை 250 கிலோ. உள்ளே இரும்புத் துகள் கலந்த எண்ணெய் 6 லிட்டர். காந்தப்புலத்தில் சிக்கி வெண்ணெய்போலக் கெட்டிப்படுவது எந்த நொடியிலும் 90 மில்லிதான், ஒரு டம்ளர் காபிக்கும் குறைவு. மின்சாரம் 50 வாட்டுக்குள். கூரையில் சுழலும் பழைய வகை மின்விசிறிக்கே 75 வாட் வேண்டும்!

ஜப்பானில் ஷிசுவோகாவின் கஜிமா கட்டடத்தில் 1998-இல் வேறு வகை, ஹைட்ராலிக் தணிப்பான்கள் எட்டு வைத்தார்கள்; ஒவ்வொன்றும் 100 டன், 70 வாட். டோக்கியோவின் மிராய்கான் அருங்காட்சியகத்தில் 2001-இல் காந்த எண்ணெய்த் தணிப்பான்கள் இரண்டு, தலா 30 டன்.

இறுகிப் பிடிப்பது பெரிய வித்தையில்லை. எப்போது பிடிப்பது, எப்போது விடுவது என்பதே வேலை. எந்நேரமும் இறுக்கமாக இருந்தால் கட்டடம் விறைத்து, ஆட்டத்தை அப்படியே மேலே கடத்திவிடும். தளங்களின் அசைவை உணரிகள் சொல்ல, கணினி கணக்கிட்டு மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறது. இந்தத் தணிப்பான் கட்டடத்தைத் தள்ளுவதில்லை, தடுக்க மட்டுமே செய்கிறது. மின்சாரம் போனாலும் சாதாரணத் தணிப்பானாக நிற்கும். இந்த ஒரு குணத்துக்காகவே எனக்கு இதன்மேல் மதிப்பு உண்டு.

ஆனால் நம் வீடு 6.5 மீட்டர் உயரம். விதியின் சூத்திரப்படி ஒரு முறை ஆடி மீள 0.3 வினாடி. உணரி, கணினி, கம்பிச்சுருள் எல்லாம் சேர்ந்து 0.05 வினாடி தாமதம் என்று வைத்தாலே ஆட்டத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடுகிறது. 30 மீட்டர் உயரக் கட்டடத்துக்கு ஆட்ட நேரம் 0.96 வினாடி, அங்கே கணினிக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். அத்தகைய உயரக் கட்டடம் காவிரி டெல்டாவின் இளகிய மண்ணில் எழுந்தால், பாறை நிலத்தைவிட 1.67 மடங்கு விசையைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது அதே விதி. காரைக்காலில் உயரமாக ஒரு மருத்துவமனை கட்டுபவர்கள் தணிப்பானைப் பற்றி யோசிக்கலாம்.

வீட்டுக்கு வேண்டியது தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங். தூண் 10 அடி, தூணுக்கு 8 அங்குலத்துக்கு ஒன்று என்றால் 15 ரிங். மேலும் கீழும் இரண்டிரண்டு அடிக்கு மட்டும் 4 அங்குலமாக நெருக்கினால் 21. ஆறு கூடுதல். தளத்துக்கு 12 தூண், இரண்டு தளத்துக்கு 24. ஆக 144 ரிங். 9-க்கு 12 அங்குலத் தூணில் 8 மி.மீ. கம்பி ரிங் ஒன்றுக்கு ஏறக்குறைய 0.36 கிலோ. மொத்தம் 52 கிலோ. கிலோ 65 ரூபாய் என்று வைத்தால் 3,380 ரூபாய்.

ரிங்கின் முனையை 90 பாகையில் மடித்து விடுவது கம்பி கட்டுபவருக்குச் சுலபம். தூண் ஆடி, கம்பியை மூடிய கான்கிரீட் உதிர்ந்ததும் அந்த முனை பிரிந்துகொள்ளும். 135 பாகைக்கு உள்நோக்கி வளைத்தால் பிரியாது. இதற்குக் கம்பிச் செலவு பெரிதாகக் கூடுவதில்லை, கைவேலைதான். ஐ.எஸ். 13920 இதைக் கட்டாயமாக்குவது மண்டலம் 3 முதல்தான். விழிதியூரில் கேட்க ஆளில்லை. ஆனால் 25 செப்டம்பர் 2001 இரவு புதுச்சேரிக்குக் கிழக்கே கடலடியில் பூமி அதிர்ந்தது. ரிக்டர் அளவு ஏறத்தாழ 5.5.

தூணுக்குப் பலகை அடைக்கும் முன் ஒருமுறை போய் நின்று எண்ணுங்கள். 21 இருக்க வேண்டும், முனைகள் உள்ளே வளைந்திருக்க வேண்டும்.