எந்தப் பந்து வைத்தார்கள்?

தூத்துக்குடி உப்பளத் தெரு ஒன்றில் எங்களுக்குத் தெரிந்த ஒரு பாட்டி. நாற்பது ஆண்டுகள் அளத்தில் உப்புச் சுமந்தவர். வீட்டு வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது. ‘பந்து மாத்தணும்’ என்றார்கள், மாற்றினார்கள். நான்காம் மாதம் லேசாகத் தடுமாறியதில் அதே தொடை மறுபடி முறிந்தது. வேறு மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம். ‘முதலில் என்ன வகைப் பந்து வைத்தார்கள்?’ என்று மருத்துவர் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. டிஸ்சார்ஜ் சீட்டிலும் இல்லை.

முதியவர்கள் விழுந்தால் தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிவதுண்டு. அங்கே ரத்த ஓட்டம் எளிதில் அறுந்துவிடும். எலும்பு கூடுவது கடினம். எனவே முறிந்த தலையை எடுத்துவிட்டு உலோகப் பந்து பொருத்துகிறார்கள். அதன் தண்டு தொடை எலும்புக்குள் இறங்கும். எலும்புச் சிமெண்ட் ஊற்றியும் தண்டை நிறுத்தலாம். சிமெண்ட் இல்லாமல் இறுக்கி அடித்தும் நிறுத்தலாம். நம் நாட்டில் ஏழைகளுக்கு நெடுங்காலமாக வைக்கப்படும் ஆஸ்டின் மூர் பந்து பெரும்பாலும் சிமெண்ட் இல்லாமல் பொருத்தப்படுவது.

இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. 60 வயதைக் கடந்த 1,225 பேரிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வு 2022-இல் வெளியானது. சிமெண்ட் வைத்தவர்களில் 0.5 சதவீதத்தினருக்கே தண்டைச் சுற்றி எலும்பு முறிந்தது. புதுவகைத் தண்டைச் சிமெண்ட் இல்லாமல் வைத்தவர்களில் 2.1 சதவீதத்தினருக்கு முறிந்தது. தேய்ந்த எலும்பில் இறுக்கி அடித்தால் விரிசல் விட வாய்ப்பு அதிகம். ஆனால் சிமெண்ட் ஊற்றும்போது சிலருக்கு ரத்த அழுத்தம் சட்டென இறங்கும். இதய, நுரையீரல் நோயாளிகளுக்கு எது நல்லது என்று மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவையும் காரணத்தையும் நமக்குச் சொல்ல வேண்டும்.

சீட்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாடறிந்த சாட்சி உண்டு. ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டு 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. உலோகத்தோடு உலோகம் உரசி, கோபால்ட்டும் குரோமியமும் உடலில் கலந்தன. இந்தியாவில் சுமார் 4,700 அறுவை சிகிச்சைகளில் இது பொருத்தப்பட்டிருந்தது. 2018-இல் 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீடு என அரசு வகுத்தபோது, சுமார் 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டறிய முடியவில்லை.

கேள்வி கேட்டால் டாக்டர் கோபிப்பார் என்று நம் சனம் கைகட்டி நிற்கிறது. தலைமுறை தலைமுறையாக நமக்குப் பழக்கிவிட்ட பயம் அது. முதல்வர் காப்பீட்டு அட்டையில் நடக்கும் சிகிச்சை இனாம் அல்ல, உரிமை.

படிக்கும் பிள்ளைகளே, பாட்டி தாத்தாவுக்குத் துணையாகப் போகும்போது மூன்றைக் கேளுங்கள். என்ன வகைப் பந்து? சிமெண்ட் உண்டா, இல்லையென்றால் ஏன்? பந்து வந்த பெட்டியின் ஸ்டிக்கர் எங்கே? நிறுவனம், மாடல், அளவு, தயாரிப்புத் தொகுதி எண் எல்லாம் அதில் இருக்கும். டிஸ்சார்ஜ் சீட்டில் ஒட்டச் சொல்லுங்கள். மருத்துவ ஆவணம் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்கின்றன மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகள். எழுதிக் கேளுங்கள். வாங்கிய சீட்டை ரேஷன் அட்டையோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.