நாயின் பின்னால் தண்ணீரில் இறங்காதீர்கள்

பெரகல சந்தியில் ஒரு வீதி அப்புத்தளைக்கு ஏறும், இன்னொன்று கொஸ்லந்த வழியாக வெல்லவாயவுக்கு இறங்கும். இறங்குகிற பக்கம் எங்கு திரும்பினாலும் தண்ணீர்தான். தேயிலை மலைகளின் கான்களில் வடியும் தண்ணீர் ஓடையில் சேரும், ஓடைகள் ஆற்றில் சேரும். கொஸ்லந்தவைத் தாண்டினால் தியலும நீர்வீழ்ச்சி 220 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது. ஹல்துமுல்ல பக்கம் போனால் பம்பரகந்த. 263 மீற்றர், இலங்கையிலேயே உயரமானது. பார்க்க வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நாங்கள் இந்தத் தண்ணீரோடுதான் பிழைக்கிறோம்.

எங்கள் தோட்டங்களில் நாயைச் சங்கிலியில் கட்டி உலாத்தக் கூட்டிப்போகும் பழக்கம் குறைவு. நாம் போகும் இடமெல்லாம் நாய் தானாகவே வரும். பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனால் வரும், ஆற்றில் துணி துவைக்கப் போனால் வரும், விறகு பொறுக்கப் போனாலும் முன்னால் ஓடும். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் ஓடைக்குப் போனால் லயத்து நாய்களும் கூடவே போகும். அதனால் தண்ணீரில் நாய்க்கு ஒன்று நேர்ந்தால் பக்கத்தில் நிற்பது பெரும்பாலும் ஒரு பிள்ளைதான். தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வுபெற்ற பிறகும் என் மனதை விட்டுப் போகாத பயம் இது.

என்னிடம் படித்த ஒரு பையன். ஐப்பசி மழைக் காலம். அவன் நாய் பாசி படிந்த கல்லில் சறுக்கி ஓடையில் விழுந்து இழுபட்டுப் போனது. பையன் சட்டையைக்கூடக் கழற்றாமல் பின்னாலேயே இறங்கிவிட்டான். இடுப்பளவு தண்ணீர்தான். ஆனால் கால் நிற்கவில்லை. விறகோடு வந்துகொண்டிருந்த ஓர் அக்கா கட்டை அங்கேயே போட்டுவிட்டு, விறகுக் கயிற்றை அவிழ்த்து எறிந்தார். “கயித்தப் புடிடா! நாய விடு, அது தானா ஏறி வரும்!” என்று அவர் போட்ட சத்தம் லயம் வரை கேட்டது. பையன் கயிற்றைப் பிடித்துக் கரையேறினான். நாய் கீழே வளைவில், கரை தாழ்வாக இருந்த இடத்தில் தானாகவே ஏறி வந்து உடம்பை உதறிக்கொண்டு நின்றது.

அந்த அக்கா கயிற்றை எறிந்தாரே தவிர, தண்ணீரில் இறங்கவில்லை. உலகம் முழுவதும் உயிர்காப்பு வேலை செய்கிறவர்கள் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான். பிரித்தானியாவில் படகில் போய் மனிதரை மீட்கும் ஆர்.என்.எல்.ஐ. நிறுவனம் நாய் வளர்ப்போருக்குச் சொல்லும் அறிவுரை இது: நாய் தண்ணீரில் விழுந்தால் பின்னால் போகாதீர்கள், அது பத்திரமாக ஏறக்கூடிய இடத்துக்குக் கரையோரமாக நடந்து போய், அங்கிருந்து கூப்பிடுங்கள்.

இதற்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான நாய்கள் விழுந்தவுடனே நான்கு காலாலும் நீந்தத் தொடங்கிவிடும். ஓட்டத்தை எதிர்த்து மல்லுக்கட்டாமல் அதன் போக்கில் போய்க் கரை தேடும். மனிதருக்கு அப்படியில்லை. மலைத் தண்ணீரின் குளிர் திடீரென்று பட்டதும் நம்மை அறியாமல் வாய் திறந்து மூச்சை இழுக்கிறோம். அந்த நேரம் தலை தண்ணீருக்குள் இருந்தால் அதுவே போதும். நனைந்த சேலையும் காற்சட்டையும் காலைக் கட்டும். கால் கல்லிடுக்கில் மாட்டினால் முழங்கால் அளவு ஓட்டம்கூட ஆளைக் கவிழ்த்து அமுக்கிவிடும். நாயால் முடியாதது ஒன்றுதான்: செங்குத்தான கரையிலும் சீமெந்துத் தொட்டிச் சுவரிலும் அதனால் ஏற முடியாது. அங்கே சுற்றிச் சுற்றி நீந்திக் களைத்துப்போகும். ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் பிடித்து ஏறிவிடும்.

விழுந்த பிறகு காப்பாற்றுவதைவிட விழாமல் பார்ப்பது எளிது. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் காலை வெயில் அடிக்கும், பின்னேரம் இடியோடு கொட்டும். நாம் நிற்கும் இடத்தில் வெயில் இருக்கும்போதே மேல்மலையில் மழை பெய்து முடிந்திருக்கும். அந்தத் தண்ணீர் வந்து சேர அதிக நேரம் ஆகாது. தெளிந்த ஓடை கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால் துணியை விட்டுவிட்டு மேலே ஏற வேண்டும். நாய்க்காக நிற்கக் கூடாது. நாம் ஏறினால் அதுவும் பின்னால் வரும்.

கலங்கல் தண்ணீரை நாங்கள் சும்மா விடக் கூடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. புதிதாக ஊற்றுக் கிளம்புவது, இருந்த ஊற்று திடீரென்று வற்றுவது, நல்ல தண்ணீர் சேறாக வருவது, நிலம் வெடிப்பது, மரங்கள் சாய்வது எல்லாம் மண்சரிவின் முன்னறிகுறிகள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லிவருகிறது. நாயோடு ஓடைக்கரையில் நடக்கிறவர் கண்ணில்தான் இவை முதலில் படும். பார்த்தால் லயத்தில் சொல்லுங்கள், கிராம சேவகரிடம் சொல்லுங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள்.

கரையேறிய நாயைக் கட்டிப்பிடிக்க ஓடாதீர்கள். பயந்த நாய் வளர்த்தவரையும் கடிக்கும். கடித்தால் காயத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விசர்நாய் நோய் வந்த பிறகு பிழைப்பது அரிதிலும் அரிது. ஊசி அதற்கு முன்பே போட வேண்டும். நாய்க்கு வருடந்தோறும் தடுப்பூசி போட்டுவைப்பது வீட்டுக்கும் காவல். தண்ணீர் குடித்துத் தத்தளித்த நாயைத் துடைத்துச் சூடாக வைத்து, ஒரு நாளாவது கவனியுங்கள். இருமினாலோ, மூச்சு வாங்கினாலோ, ஈறு நீலம் பாய்ந்தாலோ மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீர் பல மணி நேரம் கழித்தும் வேலையைக் காட்டும்.

அட்டையைப் பற்றித் தோட்டத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நாயின் விரலிடுக்கையும் காதையும் பார்ப்பவர்கள் மூக்கை மறந்துவிடுகிறார்கள். ஓடையில் குடித்த நாய் ஓயாமல் தும்மி, ஒரு மூக்கில் மட்டும் இரத்தம் வடிந்தால் உள்ளே அட்டை இருக்கலாம். மூக்கில் உப்போ சுண்ணாம்போ போடக் கூடாது, வைத்தியர் எடுக்கட்டும்.

எலிக்காய்ச்சல் இதைவிடப் பெரிய விஷயம். எலி, மாடு, நாய் ஆகியவற்றின் சிறுநீர் கலந்த தேங்கிய தண்ணீரிலிருந்து, காலில் உள்ள சிறு வெடிப்பு வழியாகக்கூட இந்தக் கிருமி உடம்புக்குள் போகும். 2008இல் இலங்கையில் 7,000க்கும் மேற்பட்டோருக்கு இந்த நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டது. தண்ணீரில் நின்று ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும், கெண்டைக்கால் வலியும், கண் சிவப்பும் வந்தால் பனடோலோடு நிறுத்திவிடாமல் வைத்தியரைப் பாருங்கள். தண்ணீரில் இறங்கியதையும் சொல்லுங்கள். நாய்க்கு இந்த நோய்க்கும் தடுப்பூசி உண்டு.

நீர்வீழ்ச்சியின் தலைப்பக்கம் போனால் மட்டும் நாயைக் கட்டாயம் கயிற்றில் பிடியுங்கள். அங்கே வழுக்கினால் கூப்பிடுவதற்குத் தாழ்வான கரை கிடையாது. பொழுது சாய்ந்த பிறகு ஓடைப் பக்கம் போகவே வேண்டாம். தேயிலை மலைகளில் சிறுத்தை நடமாடும் நேரம் அது, நாய் அதற்கு இரை.

2021இல் உலகில் ஏறக்குறைய 3 இலட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை. இத்தகைய சாவுகளைக் குறைப்பதற்காகவே ஜூலை 25ஐ நீரில் மூழ்குதலைத் தடுக்கும் நாளாக ஐ.நா. அறிவித்தது. அன்றைக்கு எங்கள் தோட்டப் பாடசாலைகளில் ஒரு பாடவேளை ஒதுக்கி, பிள்ளைகளை ஓடைக்கரைக்குக் கூட்டிப்போய்க் கயிறு எறியப் பழக்க வேண்டும். மக்கள் குளிக்கும் ஒவ்வொரு துறையிலும் நீண்ட மூங்கில் கழி ஒன்றும், காலிப் பிளாஸ்டிக் கலன் கட்டிய கயிறு ஒன்றும் தோட்ட நிர்வாகம் வைக்க வேண்டும். பெரிய செலவில்லை. நிர்வாகம் வைக்கும் வரை நாங்கள் காத்திருக்கவும் வேண்டாம்; ஒரு லயத்து ஆட்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கினால் வேலை முடிந்துவிடும்.