மலைச்சரிவில் மாடிமேல் மாடி: மூணாறில் இரண்டுபட்டு நிற்கும் மக்கள் கருத்து

போடிமெட்டு வழியாக மூணாறுக்கு பஸ்ஸில் செல்கிறவர்கள் பூப்பாறையைத் தாண்டியதும் ஜன்னலோரம் நகர்ந்து உட்காருவது வழக்கம். ஏலக்காடு, அதை அடுத்துத் தேயிலைத் தோட்டம், அதற்கும் மேலே மேகம் கவிந்த மலைமுகடு என்று இரண்டு மூன்று தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள் கண்டு பழகிய காட்சி அது. இப்போது அந்த மலைமுகட்டுக்குக் குறுக்கே கான்கிரீட் கட்டடங்கள் வந்து நிற்கின்றன. சின்னக்கானல் சரிவிலும், அடிமாலிப் பாதையில் பள்ளிவாசல், சித்திராபுரம் பக்கங்களிலும் கண்ணாடி பதித்த பல மாடி ரிசார்ட்டுகள் வரிசையாக எழும்பியுள்ளன. இரவில் அவற்றின் விளக்கு வெளிச்சம் எதிர்மலையில் உள்ள லயங்கள் வரை தெரிகிறது.

இது வளர்ச்சியா, வருங்கால ஆபத்தா என்ற கேள்வி இன்று மூணாறு வட்டாரத்தை இரண்டாகப் பிரித்திருக்கிறது.

ஐந்து மாடியே வானளாவிய கட்டடம்

பம்பாயில் ஐம்பது மாடி அறுபது மாடிக் கட்டடங்களைப் பார்த்தவர்களுக்கு மூணாறின் கட்டடங்கள் சிறியவையாகத் தோன்றலாம். ஆனால் மூணாறு கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், செங்குத்தான சரிவுகளுக்கு நடுவே உள்ள ஊர். இங்கே ஐந்து மாடி எழும்பினாலே பின்னால் உள்ள மலை மறைந்துவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சாலையில் நின்று பார்க்கும்போது இரண்டே மாடியாகத் தெரியும் கட்டடம், பள்ளத்தாக்குப் பக்கம் போய்ப் பார்த்தால் ஐந்து, ஆறு மாடியாக இருக்கும். சாலை மட்டத்துக்குக் கீழே, சரிவில் தூண்களை இறக்கி, அடுக்கடுக்காகக் கட்டியிருப்பார்கள். ஆகவே, "எத்தனை மாடி?" என்று மலையில் கேட்டால், எங்கே இருந்து எண்ணுவது என்பதே முதல் தகராறு.

இடுக்கி மாவட்டத்தில் உயரமான கட்டுமானம் புதிதல்ல என்று வாதிடுவோரும் உண்டு. 1976-ல் திறக்கப்பட்ட இடுக்கி அணையின் உயரம் சுமார் 169 மீட்டர். ஐம்பது மாடிக் கட்டடத்துக்குச் சமமான அந்தச் சுவர் இன்றும் உறுதியாக நிற்கிறது. ஆனால் அது குறவன் மலை, குறத்தி மலை என்ற இரண்டு பெரும்பாறைகளுக்கு இடையே, பல ஆண்டு ஆய்வுக்குப் பின் கட்டப்பட்டது. மண் சரிவில் அவசரமாக எழுப்பும் ஓட்டலை அதோடு ஒப்பிடுவது பொருந்தாது என்பது மறுதரப்பின் பதில்.

மண் எப்படிச் சரிகிறது?

மலைச்சரிவில் அடியில் பாறை இருக்கும். அதன் மேல் சில அடி மண் போர்த்தியிருக்கும். கட்டடத்துக்குச் சமதளம் வேண்டும் என்று சரிவின் காலை மண்வாரி இயந்திரத்தால் வெட்டி எடுத்தால், மேலே உள்ள மண்ணுக்குத் தாங்கல் போய்விடுகிறது. மழைநீர் இறங்கும் ஓடைகளை மூடிக் கட்டினால், தண்ணீர் வேறு வழி தேடி மண்ணுக்குள் புகுகிறது. கழிவுநீர்த் தொட்டிகளின் ஊறலும் சேர்ந்துகொள்கிறது. ஊறிக் கனத்த மண், பாறையின் மேல் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. மாடி கூடக் கூட எடையும் கூடும், வெட்ட வேண்டிய மண்ணும் கூடும்.

2018 ஆகஸ்ட் பெருமழையில் மூணாறு இதை நேரில் கண்டது. பழைய மூணாறு தண்ணீரில் மூழ்கியது. தேவிகுளம் சாலையில் இருந்த அரசுக் கல்லூரியின் கட்டடங்களை மண்சரிவு அழித்தது. பள்ளிவாசல் பக்கம் மலையிலிருந்து மண்ணும் கல்லும் சரிந்து பாதையை அடைத்ததால், அங்கிருந்த ரிசார்ட்டில் வெளிநாட்டுப் பயணிகள் உள்படப் பலர் சிக்கிக்கொண்டு, பிறகு மீட்கப்பட்டார்கள். அதே மழையில் பாலக்காடு மாவட்டத்தின் நெல்லியாம்பதி மலைக்குச் செல்லும் பாதையும் பல இடங்களில் அறுந்து, தோட்டத் தொழிலாளர்கள் வெளியுலகத் தொடர்பின்றித் தவித்தார்கள். 2019, 2020 ஆண்டுகளில் தேசிய நெடுஞ்சாலை அகலப்படுத்தும் பணி நடந்த கேப் ரோட்டில் மலையே பெயர்ந்து விழுந்தது.

வெள்ளம் இந்த ஊருக்குப் புதிதல்ல. 1902-ல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டியும், 1908-ல் சிறிய ரயிலும் கண்ட ஊர் மூணாறு. டாப் ஸ்டேஷன் வரை தேயிலைப் பெட்டி ஏற்றிச் சென்ற குண்டளப் பள்ளத்தாக்கு ரயில்வே, 1924 ஜூலை வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. மலையாள ஆண்டு 1099-ல் வந்ததால் அதைத் "தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம்" என்று இன்றும் சொல்கிறார்கள். அந்த ரயில் திரும்ப வரவே இல்லை. பழைய ரயில் நிலையக் கட்டடம் இன்று தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாக உள்ளது.

இடித்ததும் தடுத்ததும்

கட்டடங்களுக்கு எதிரான முதல் பெரிய நடவடிக்கை 2007 மே மாதம் நடந்தது. அன்றைய முதலமைச்சர் வி.எஸ். அச்சுதானந்தன், சுரேஷ்குமார், ராஜு நாராயணசாமி, ரிஷிராஜ் சிங் என்ற மூன்று அதிகாரிகளை அனுப்பினார். ஆக்கிரமிப்பு என்று கண்ட கட்டடங்கள் இயந்திரங்களால் இடிக்கப்பட்டன. கேரளமே பரபரப்புடன் கவனித்த அந்த நடவடிக்கை சில வாரங்களில் அரசியல் சச்சரவில் சிக்கி நின்றுபோனது. இடிக்கப்பட்ட சில ரிசார்ட்டுகளின் உரிமையாளர்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2014-ல் உயர்நீதிமன்றத் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்தது.

2010 ஜனவரியில் கேரள உயர்நீதிமன்றம், மூணாறு வட்டாரத்தில் வருவாய் இலாகாவின் தடையில்லாச் சான்று இல்லாமல் கட்டடம் கட்டக் கூடாது என்று உத்தரவிட்டது. என்.ஓ.சி. என்ற மூன்று எழுத்து அன்று முதல் இங்கே குழந்தைகளுக்கும் தெரியும். 2019 பிப்ரவரியில் மூணாறு பஞ்சாயத்தே முதிரப்புழை ஆற்றங்கரையில் சான்று இல்லாமல் வணிக வளாகம் கட்டியதாகச் சொல்லி, அன்றைய சப்-கலெக்டர் ரேணு ராஜ் பணியை நிறுத்தச் சொன்னார். உள்ளூர் சட்டமன்ற உறுப்பினருக்கும் அவருக்கும் நடந்த வாக்குவாதம் மாநிலமெங்கும் பேசப்பட்டது. 2023-ல் உயர்நீதிமன்றமும் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் இவ்வட்டாரத்தின் பல பஞ்சாயத்துகளில் உயர்ந்த கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு விதித்தன.

இதனோடு பட்டயப் பிரச்சினையும் பின்னிக் கிடக்கிறது. 1964-ஆம் ஆண்டு விதிகளின்படி தரப்பட்ட நிலம் குடியிருக்கவும் பயிர் செய்யவும் மட்டுமே. அதில் கடையோ லாட்ஜோ கட்டினால் விதிமீறல். 2019 ஆகஸ்டில் அரசு இதை வலியுறுத்தி உத்தரவிட்டபோது, அக்டோபர் 28-ல் எதிர்க்கட்சிகள் இடுக்கியில் கடையடைப்பு நடத்தின. 2023 செப்டம்பரில் சட்டசபை திருத்த மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் கையெழுத்திடவில்லை என்று 2024 ஜனவரி 9-ல் ஆளும் கூட்டணி கடையடைப்பு நடத்தியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. ஆக, மாடி விஷயத்தில் இரு அணியினரும் தங்கள் பங்குக்குக் கடையை அடைத்தவர்களே.

வேண்டும் என்போர்

கட்டடம் வேண்டும் என்போர் பேராசைக்காரர்கள் மட்டுமே என்று நினைத்துவிடக் கூடாது. ஜீப் ஓட்டுகிறவர்கள், கொத்தனார்கள், கடைக்காரர்கள், ஓட்டல் சமையற்காரர்கள் ஆகியோரின் அடுப்பு இந்தப் பயணிகளால்தான் எரிகிறது. 2023 ஜூன் 15 முதல் போடிநாயக்கனூருக்கு அகல ரயில் பாதையில் பயணிகள் ரயில் வந்து செல்கிறது. மதுரைப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு மலையடிவாரம் வரை ரயில் உண்டு. வருகிறவர்களைத் தங்க வைக்க இடம் வேண்டாமா என்பது இவர்கள் கேள்வி. இருக்கும் கொஞ்ச நிலத்தில் மேலே கட்டாவிட்டால் பக்கவாட்டில் காட்டைத்தானே அழிக்க வேண்டிவரும் என்றும் கேட்கிறார்கள். பெரிய முதலாளி வழக்குப் போட்டுத் தப்பித்துக்கொள்கிறார், மகன் கல்யாணத்துக்கு ஒரு அறை சேர்த்துக் கட்டுகிறவன்தான் வில்லேஜ் ஆபீஸ் படியேறிச் சாகிறான் என்ற புலம்பலிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

வேண்டாம் என்போர், மலை இருந்தால்தான் பயணி வருவான் என்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி அடுத்து 2030-ல் பூக்க வேண்டும். அதைக் காண வருகிறவன் எதிர்ச்சரிவில் கான்கிரீட்டைக் காணவா வருவான் என்று கேட்கிறார்கள். ஓடைகள் வற்றுவதையும், குப்பை குவிவதையும், யானைத்தடம் அடைபடுவதையும் எடுத்துச் சொல்கிறார்கள்.

லயத்துக்குள் இரு கருத்து

தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களில் இந்தப் பிளவு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. தாய் கொழுந்து கிள்ளுகிறாள்; மகன் ரிசார்ட்டில் வேலை பார்க்கிறான். மழை வலுத்தால் தாய்க்கு மலையைப் பார்த்துப் பயம். மழை வலுத்து அறைகள் காலியானால் மகனுக்குச் சம்பளத்தைப் பற்றிப் பயம்.

இவர்களுக்குச் சொந்தமாக ஒரு செண்டு நிலம் கிடையாது என்பதுதான் இதில் கசப்பான உண்மை. 1877-ல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து மன்றோ துரை பெற்ற கண்ணன் தேவன் மலைகள், 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசுக்கு வந்தன. பின்னர் ஏறத்தாழ 57 ஆயிரம் ஏக்கர் கம்பெனிக்கே தரப்பட்டது. நெல்லைச் சீமையிலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் வந்து காட்டைத் திருத்தியவர்களின் வாரிசுகள், வேலையில் இருக்கும் வரை லயத்தில் இருக்கலாம். ஓய்வு பெற்றால், பிள்ளைகளில் ஒருவர் தோட்ட வேலைக்கு வந்தாலன்றி, வீட்டைக் காலி செய்ய வேண்டும். 2015 செப்டம்பரில் பெண் தொழிலாளர்கள் "பெண்கள் ஒற்றுமை" என்ற பெயரில் ஒன்பது நாள் போராடி 20 சதவீதத் தொகை பெற்றார்கள். அக்டோபரில் தினக்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் நிலக் கோரிக்கை அப்படியே நிற்கிறது.

மலை சரியும்போது முதலில் சாகிறவர் யார் என்பதை 2020 ஆகஸ்ட் 6 இரவு காட்டியது. ராஜமலைப் பகுதியில் பெட்டிமுடியில் மண்ணும் பாறையும் இறங்கி நான்கு லயங்களை மூடின. எழுபது பேர் பலியானார்கள். அவர்களில் நால்வரின் உடல் கிடைக்கவே இல்லை. பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு வட்டாரம். தொலைபேசித் தொடர்பு அறுந்திருந்ததால் மறுநாள் காலைதான் வெளியுலகுக்குச் செய்தி தெரிந்தது. அங்கே பல மாடிக் கட்டடம் ஒன்றும் இல்லை. லயங்கள்தான் இருந்தன. ஆகவே மாடிதான் எல்லாச் சரிவுக்கும் காரணம் என்று சொல்ல முடியாது. அதே சமயம், தொடாத மலையே சரியும் இடத்தில் மலையின் காலை வெட்டுவது எத்தகைய துணிச்சல் என்பதையும் யோசிக்க வேண்டும். தப்பியவர்களில் எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியாறு பள்ளத்தாக்கில் வீடு கிடைத்தது. 2024 ஜூலை 30-ல் வயநாடு முண்டக்கை, சூரல்மலையிலும் லயங்களில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளர்கள் பலர் மாண்டார்கள்.

பிற ஊர்களின் பாடம்

தமிழ்நாட்டிலும் இப்பிரச்சினை உண்டு. கொடைக்கானலில் ஓர் ஓட்டல் விதியை மீறி ஏழு மாடிக்கு எழும்பிய விவகாரம் 1990-களில் நீதிமன்றம் ஏறி, ஆட்சியையே ஆட்டிவைத்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சிம்லாவில் இரண்டு மாடியும் மேல்தளமும் போதும் என்று 2017-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2024 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அதை மாற்றியது. இமயத்தில் ஜோஷிமடம் 2023 ஜனவரியில் விரிசல் கண்டு, மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். கொச்சி மரடுவில் கடற்கரை விதியை மீறிய நான்கு அடுக்குமாடி வளாகங்கள், சுப்ரீம் கோர்ட் உத்தரவுப்படி 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அவற்றைக் கட்ட அனுமதி தந்ததும் அரசாங்க அலுவலகம்தான், இடித்ததும் அரசாங்கம்தான். வீட்டை வாங்கியவர்கள் நடுவில் நின்றார்கள்.

மூணாறிலும் அதே கதை நடக்கக் கூடாது. கட்டி முடித்த பிறகு இடிப்பதைவிட, அஸ்திவாரம் தோண்டும் முன் தடுப்பது எளிது. எந்தச் சரிவு தாங்கும், எது தாங்காது என்று சர்வே எண் வாரியாக அளந்து, அதைத் தமிழிலும் மலையாளத்திலும் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டினால், என்.ஓ.சி.க்காக யாரும் இடைத்தரகரைத் தேடி அலைய வேண்டியதில்லை. மாடியை எண்ணும்போது சாலையிலிருந்து எண்ணாமல் பள்ளத்திலிருந்து எண்ண வேண்டும். ரிசார்ட்டுக்கு ஏக்கர் கணக்கில் இடம் கிடைக்கும் மலையில், நாற்பது வருடம் கொழுந்து கிள்ளிய கைக்கு ஆபத்தில்லாத இடத்தில் ஐந்து செண்டு ஒதுக்க முடியாதா என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

ஜூன் பிறந்தால் தென்மேற்குப் பருவமழை மூணாறைத் தேடி வரும். அதற்கு பட்டயமும் தெரியாது, என்.ஓ.சி.யும் தெரியாது. மழைக்கு முன் செய்ய வேண்டியதை மழைக்குப் பின் பேசுவதால் பயனில்லை என்பதை அதிகாரிகளும், கட்டுகிறவர்களும் உணர வேண்டும்.