போரும் புத்தகமும்: கல்முனைக் கரையிலிருந்து சில குறிப்புகள்

போர் நடக்கும் நாட்டில் புத்தகத்துக்கு என்ன நேரும் என்று கேட்டால், 1981இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தையே எல்லோரும் சொல்வோம். ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அதைப் பாடிய 'புத்தரின் படுகொலை' கல்முனைக்குடியில் பிறந்த எம்.ஏ. நுஃமானின் கவிதை என்பதை என் மாணவர்களுக்குத் தவறாமல் சொல்வேன். ஆனால் நெருப்பு வைக்காமலும் போர் புத்தகத்தைத் தின்னும். அது எப்படி?

முதலாவது, தாள். பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கின் நாளிதழ்கள் கோடு போட்ட கொப்பித் தாளிலும் அச்சாகின.

இரண்டாவது, பாதை. எங்கட பகுதியில் பெரும்பாலும் எழுதினவரே கைக்காசு போட்டு, சில நூறு பிரதி அடித்து, வெளியீட்டு விழா வைத்து, தெரிந்தவர் கையில் கொடுத்துத்தான் விற்க வேண்டும். ஊரடங்கு என்றால் விழா இல்லை. விழா இல்லையென்றால் விற்பனையும் இல்லை. மிச்சப் பிரதிகள் வீட்டு அலுமாரியில் கறையானுக்குத்தான்.

மூன்றாவதுதான் பெரிய இழப்பு: வாசகர். அளவெட்டிக் கவிஞர் மஹாகவியின் 'கோடை'யை 1970இல் வெளியிட்டது கல்முனையின் வாசகர் சங்கம். எழுதியவர் யார், பதிப்பித்தவர் யார் என்று அன்று பிரித்துப் பார்க்கவில்லை. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர், ஏறாவூரில் கொல்லப்பட்டனர், வீரமுனைக் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழரும் கொல்லப்பட்டனர். ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, அவர்களது வீட்டுப் புத்தகங்களும் அங்கேயே கிடந்து போயின. சம்மாந்துறைக்கும் வீரமுனைக்கும் நடந்து போகும் தூரந்தான். ஆனாலும் ஓர் ஊரில் வெளியான புத்தகம் மற்ற ஊருக்குப் போவது அரிதாயிற்று.

இத்தனைக்கும் நடுவில் எழுத்து நிற்கவில்லை. சோலைக்கிளியின் 'எட்டாவது நரகம்' 1988இலும் 'காகம் கலைத்த கனவு' 1991இலும் வந்தன. நுஃமானின் மொழிபெயர்ப்பில் 1981இல் வந்த 'பலஸ்தீனக் கவிதைகள்' நம் நிலைமையை நமக்கே விளக்கிற்று. சிதறியவற்றைத் திரட்டும் வேலையும் நடக்கிறது: என். செல்வராஜாவின் 'நூல்தேட்டம்' தொகுதிக்கு ஆயிரம் நூல்களாகப் பதிவு செய்துவருகிறது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் அவற்றைக் கணினியில் வாசிக்கத் தருகிறது.

பதிவு நடக்கிறது, சரி. வாசகரை யார் திரட்டுவது? நம் வெளியீட்டு விழா மேடைகளிலும் கதிரைகளிலும் பெரும்பாலும் நாமே இருக்கிறோம். பக்கத்து ஊர் விழாக்களில் அவர்களே இருக்கிறார்கள். ஒரே பாடத்திட்டத்தில் ஒரே தமிழைப் படிக்கும் பிள்ளைகள், அடுத்த ஊர்க் கவிஞரின் பெயர் தெரியாமல் பரீட்சை எழுதுகிறார்கள். புத்தகம் போடும் ஒவ்வொருவரும் ஐந்து பிரதியை அடுத்த சமூகத்தின் பாடசாலை நூலகங்களுக்கு, தபாலில் அல்ல, கையில் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். கொடுக்கப் போகும்போது அவர்களிடமும் கேட்டு வாங்கி வரட்டும். செலவு பெரிதல்ல. போர் மூடின பாதைகளில் நாம் இன்னும் திறக்காதது இதுதான்.