தீராத நோவும் மனத்தின் பங்கும்

நாள் முழுதும் குழித்தறியில் அமர்ந்து மிதிப்பவருக்கும், குனிந்து நாற்று நடுபவருக்கும் இடுப்பு நோவு புதியதன்று. பெரும்பாலும் அது சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில் தணிந்துவிடும். ஆனால் சிலருக்கு மாதங்கள் பல சென்றும் விடுவதில்லை. தைலமும் மாத்திரையும் ஊசியும் மாறி மாறிக் கையிருப்பைக் கரைக்கின்றன, தறி நிற்கிறது, கடன் ஏறுகிறது. இறுதியில் வைத்தியர், 'மனோதத்துவ நிபுணர் ஒருவரையும் பாருங்கள்' என்று கூறினால், 'எனக்கென்ன பைத்தியமா?' என்று மனம் நொந்து திரும்புவோரும் உளர். அந்த ஆலோசனையின் பொருள் யாது, அச்சிகிச்சையில் என்ன செய்கின்றனர், எவ்வளவு பயனை எதிர்பார்க்கலாம் என்பவற்றை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

நோவு பிறக்கும் விதம்

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் நோவையும், அக்காலத்தில் மீண்டும் மீண்டும் வரும் நோவையும் நாட்பட்ட நோவு என்பர். காயத்தின் அளவே நோவின் அளவு என்று நாம் எண்ணுகிறோம். அது முற்றும் சரியன்று. இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய அமெரிக்க வைத்தியர் ஹென்றி பீச்சர், பலத்த காயமுற்ற வீரர்களுள் பெரும்பாலோர் நோவு தணிக்கும் மருந்தை விரும்பிக் கேட்கவில்லை என்று 1946-இல் எழுதினார். காயம் அவர்களைப் போர்க்களத்தினின்று உயிரோடு மீட்டது. ஆகவே அதன் பொருளே வேறாயிற்று என்பது அவர் கருத்து.

இதற்கு 1965-இல் ஒரு விளக்கம் வந்தது. ரொனால்ட் மெல்ஸாக், பாட்ரிக் வால் என்னும் இருவர், முதுகுத் தண்டில் மடை போன்றதோர் அமைப்பு இருப்பதாகக் கூறினர். வாய்க்காலில் நீர் வந்தாலும் மடைப்பலகை இறங்கியிருந்தால் வயலுக்குப் பாயும் நீர் குறையும் அல்லவா? அவ்வாறே உடலினின்று வரும் செய்தி முழுதும் மூளையை எட்டுவதில்லை. தொடு உணர்ச்சி அப்பலகையை இறக்கும். அடிபட்ட இடத்தைத் தேய்த்தால் இதமாக இருப்பது இதனாலேயே. மூளையினின்று வரும் கட்டளைகளும் அதனை ஏற்றவும் இறக்கவும் வல்லவை. அச்சம், உறக்கமின்மை, கவலை ஆகியவை பலகையை ஏற்றுகின்றன. அமைதியும் நம்பிக்கையும் இறக்குகின்றன. இவர்கள் கூறிய நரம்பமைப்பின் விவரங்கள் சில பின்னர்த் திருத்தப்பட்டன. மூளை நோவைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

எனவே மனத்தின் வழியாகச் சிகிச்சை செய்வதென்பது, நோவு பொய் என்று சொல்வதன்று. நோவு மெய்யே, அதனை உணரும் நரம்புகள் நெடுநாள் விழிப்பினால் கூர்மை மிகுந்து, சிறு தூண்டுதலையும் பெரிதாக அறிவிக்கின்றன. அக்கூர்மையைத் தணிப்பதே நோக்கம்.

முதலில் உடற்பரிசோதனை

மனச்சிகிச்சைக்கு முன்னர் உடலைப் பரிசோதித்தல் இன்றியமையாதது. முதுகு நோவுடன் சிறுநீரோ மலமோ அடக்க இயலாமை, தொடைகளுக்கிடையே மரத்துப்போதல், காலில் வலுக்குறைதல் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், முன்பு புற்றுநோய் கண்டிருத்தல், கீழே விழுந்தபின் தோன்றிய கடும் நோவு ஆகியவற்றையும் தாமதிக்கலாகாது.

இவை எதுவும் இல்லாதபோது, ஸ்கேன் படத்தில் 'டிஸ்க் தேய்வு' என்று எழுதியிருப்பதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. நோவே இல்லாதவர்களின் முதுகுப் படங்களை ஆராய்ந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. அதன்படி 20 வயதினரில் நூற்றுக்கு 37 பேருக்கும், 80 வயதினரில் நூற்றுக்கு 96 பேருக்கும் அத்தேய்வு இருந்தது. தலை நரைப்பது போல இதுவும் பெரும்பாலும் வயதின் அடையாளமே.

சிகிச்சை முறைகள்

முதல் முறை, நடத்தையைச் சீர்செய்வது. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்பர்ட் ஃபோர்டைஸ் 1960-களில் இதனைத் தொடங்கினார். நம்மவர் வழக்கத்தை நோக்குக. நோவு குறைந்த நாளில், பண்டிகைக்கு முன் சேலையை முடித்துவிட வேண்டும் என்று விடியலிலிருந்து இரவு வரை நெய்கிறோம். அடுத்த மூன்று நாட்கள் படுக்கையில் கழிகின்றன. ஃபோர்டைஸ் முறையில் வேலையை நிறுத்துவது நோவன்று, கடிகாரம். ஒருவர் மூன்று நாட்களில் முறையே 50, 40, 30 நிமிஷங்கள் தறியில் அமர முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 40 நிமிஷம். அவர் 30 நிமிஷத்தில் தொடங்கட்டும். நேரம் முடிந்ததும், நோவு இல்லாவிடினும் எழுந்து நடந்து, சற்று ஓய்ந்து மீண்டும் அமரட்டும். நோவு சிறிது மிகுந்த நாளிலும் அந்த அளவை விடாதிருக்கட்டும். வாரந்தோறும் ஐந்து நிமிஷம் கூட்டலாம்.

இரண்டாவது, எண்ணத்தை ஆராய்வது. 'குழியில் இறங்கினால் எலும்பு நொறுங்கும். இனி நான் முடவனே' என்று ஒருவர் எண்ணுகிறார். அச்சத்தால் அசையாதிருக்கிறார், அசையாமையால் தசை தளர்கிறது, தளர்ந்த தசை மேலும் நோகிறது, அச்சம் உறுதிப்படுகிறது. நிபுணர் அந்த எண்ணத்தை ஒரு கணக்கைப் போலச் சரிபார்க்கச் சொல்கிறார்: 'சென்ற வாரம் அரைமணி நேரம் அமர்ந்தீர், நோவு ஏறியது, மாலையில் இறங்கியது. எலும்பு நொறுங்கியதா?' அஞ்சிய செயலைச் சிறிது சிறிதாகச் செய்து பார்க்கவும் பழக்குகிறார்.

மூன்றாவது, தசைகளைத் தளர்த்தும் பயிற்சி. எட்மண்ட் ஜேக்கப்சன் இதனை 1929-இல் நூலாக வெளியிட்டார். கை, தோள், முகம், கால் என ஒவ்வொன்றாக இறுக்கிப் பின்னர் நெகிழவிடுதல் இதன் சாரம்.

நான்காவது, உணர்வைக் கவனித்திருத்தல். ஜான் கபட்-ஸின் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் இதனைத் தொடங்கினார். எட்டு வாரங்கள் கொண்ட இப்பயிற்சியில் மூச்சையும் உடலின் ஒவ்வொரு பகுதியையும், நோகும் இடம் உட்பட, வெறுப்பின்றிக் கவனிக்கக் கற்பிக்கின்றனர். இதற்கு அண்மையது ஏற்று நடத்தல் என்னும் முறை. நோவு முற்றும் நீங்கிய பின்னரே வாழ்வேன் என்று காத்திராமல், அது இருக்கும்போதே நமக்கு அருமையானவற்றை மேற்கொள்ளுதல் அதன் கருத்து.

பயன் எவ்வளவு?

மிகைப்படுத்தல் ஆகாது. 75 ஆய்வுகளையும் அவற்றில் பங்குகொண்ட 9,401 பேரையும் பற்றிய 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பு, எண்ணத்தையும் நடத்தையையும் சீர்செய்யும் சிகிச்சையால் நோவு, இயலாமை, மனத்துயர் ஆகிய மூன்றிலும் சராசரியாகச் சிறிய நன்மையே கிடைப்பதாகக் கண்டது. சராசரி சிறிதாயினும் சிலருக்குப் பயன் பெரிதாக இருக்கலாம். நாட்பட்ட முதுகு நோவுள்ள 342 பேரைக் கொண்டு 2016-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 26 வாரங்களுக்குப் பின் அன்றாடச் செயல்களில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டோர், கவனப் பயிற்சி பெற்றவருள் நூற்றுக்கு 61 பேர். எண்ணத்தைச் சீர்செய்யும் சிகிச்சை பெற்றவருள் 58 பேர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவருள் 44 பேர்.

வேறு காரணம் புலப்படாத நாட்பட்ட நோவுக்கு உடற்பயிற்சியையும் இத்தகைய மனச்சிகிச்சைகளையும் பரிசீலிக்கலாம் என்று இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் 2021-இல் வழிகாட்டியது. அத்தகைய நோவுக்கு நோவுநீக்கி மாத்திரைகள் பலவற்றைப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்றும் கூறியது. ஏற்கனவே உட்கொண்டு வருவோர் தாமாகத் திடீரென நிறுத்தலாகாது. வைத்தியரைக் கேட்டே குறைக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் அரசுத் தொலைபேசி உதவியை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பெறலாம்.

வீட்டாருக்கும் இதில் பங்குண்டு. நோகிறது என்றதும் எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்வதும் தவறு. நடிக்கிறார் என்று ஏசுவதும் தவறு. அளவோடு செய்த வேலையைப் பாராட்டுவதே உதவி.

மனச்சிகிச்சை தறியின் அமைப்பை மாற்றாது, கூலியை உயர்த்தாது. தாழ்ந்த இருக்கையும் மங்கிய வெளிச்சமும் ஓய்வற்ற நேரமும் உடலை வருத்தும் வரை மனத்தை மட்டும் திருத்தக் கேட்பது நியாயமன்று. அவற்றைச் சீர்செய்வது சங்கத்தின் கடமை. நோவுற்ற அங்கத்தினர் சிறிது சிறிதாக வேலைக்குத் திரும்பும் மாதங்களில், துணி ஒப்படைக்க அவருக்குச் சற்றுக் கூடுதல் தவணை அளிப்பதைப் பற்றி அடுத்த பொதுக்குழுவில் யோசிக்கலாம். அவசரமாக நெய்து மீண்டும் படுத்துவிடுவதைக் காட்டிலும், அளவாக நெய்து தொடர்ந்து தறியில் இருப்பதே அவருக்கும் சங்கத்துக்கும் இலாபம்.