வன்னி மாணவரும் கணினி ஆராய்ச்சியும்

மேனாட்டுப் பல்கலைக்கழகமொன்றிலே கணினி விஞ்ஞானத்தில் மேற்படிப்பை நாடும் மாணவர், விண்ணப்பத்தோடு ஒரு கூற்றும் எழுதியனுப்புதல் வேண்டும். தாம் எங்கே பிறந்தவர், எவ்வாறு கற்றவர், எப்பொருளை ஆராய விரும்புகின்றவர் என்னும் மூன்றையும் இரண்டு பக்க அளவிலே சொல்லுவதே அக்கூற்று. பரீட்சையிற் பெற்ற புள்ளிகள் வேறொரு தாளிலே கிடக்கும். அவற்றைப் பெற்ற ஆள் யார் என்பதைப் பேராசிரியர்கள் இக்கூற்றிலேதான் தேடுகின்றனர். கொழும்பு மாணவரும் இதனை எழுதுகின்றார். சென்னை மாணவரும் எழுதுகின்றார். வன்னியிலே பிறந்த மாணவரோ முதலாம் வினாவிலேயே பேனாவை வைத்துவிடுகின்றார்.

வன்னியிற் கணினிக் கல்வி இல்லையென்று எவரும் இன்று சொல்லமுடியாது. 1991 ஆம் ஆண்டில் வடமாகாண இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாக உயர்ந்த நிறுவனம், 2021 ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாம் நாள் தொடக்கம் வவுனியாப் பல்கலைக்கழகம் என்னும் தனிப்பெயர் பூண்டு நிற்கின்றது. பம்பைமடுவிலுள்ள அதன் பிரயோக விஞ்ஞான பீடத்திலே கணினிப் பாடங்கள் கற்பிக்கப்படுகின்றன. கிளிநொச்சி அறிவியல்நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 2014 ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. கணினிப் பொறியியலுக்கு அங்கே தனித்துறை உண்டு. காடு வெட்டிக் கழனி திருத்தியோரின் பேரப்பிள்ளைகள், தம் ஊரிலிருந்து பேருந்தேறிச் சென்று கணினி கற்கும் காலம் இது.

ஆனால் அவர்கள் அங்கே வந்து சேர்ந்த வழி நேரிய வழியன்று. இப்பொழுது பல்கலைக்கழகத்திலே பயிலும் மாணவர்களிற் பெரும்பாலோர் 2009 ஆம் ஆண்டு மே மாதத்திலே போர் முடிந்தபொழுது நான்கு முதல் எட்டு வயதுடைய சிறுவர்கள். அவர்களுட் பலர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலே வாழ்ந்தவர்கள். அம்முகாம் 2012 ஆம் ஆண்டு செப்டெம்பரிலேதான் முற்றாக மூடப்பட்டது. மீள்குடியேறிய ஊர்களிலே கூரையற்ற பள்ளியும், மரநிழல் வகுப்பும், தறப்பாள் கொட்டிலும் அவர்களுடைய ஆரம்பக் கல்விக்கூடங்களாயின. பின்னர்ப் பெருந்தொற்றுக் காலத்திலே பள்ளிகள் மூடப்பட்டன. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே மின்வெட்டு ஒரு நாளிற் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டது. இத்தனைக்கும் நடுவே இணைந்த கணிதமும் பௌதிகவியலும் இரசாயனவியலும் கற்று உயர்தரப் பரீட்சையிலே தேறியவர்கள் இவர்கள்.

பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான துறைகளுக்கு நூற்றுக்கு 40 இடங்கள் நாடளாவிய திறமைக்கும், 55 இடங்கள் மாவட்ட மக்கட்டொகைக்கும், 5 இடங்கள் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படும் முறை வழக்கிலுள்ளது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அப்பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இடம்பெற்றவை. இதனால் வன்னி மாணவர் சிலரைக் 'கோட்டாவில் வந்தவர்' என்று சக மாணவர் எள்ளுவதுண்டு. குப்பி விளக்கிலே படித்தவரையும், தனியார் வகுப்பு ஐந்துக்குச் சென்று படித்தவரையும் ஒரே துலாக்கோலில் நிறுப்பது எவ்வகை நீதி என்று அவ்வாறு எள்ளுவோர் எண்ணுவதில்லை. இது நிற்க.

கூற்று எழுதும் வேளையிலே இம்மாணவர்கள் இரண்டு பிழைகளுள் ஒன்றைச் செய்துவிடுகின்றனர். ஒரு சாரார் தம் பின்னணியை முழுவதும் மறைத்து, எந்நாட்டு மாணவரும் எழுதத்தக்க பொதுச் சொற்களையே நிரப்புகின்றனர்: செயற்கை நுண்ணறிவிலே ஆர்வம், இயந்திரக் கற்றலிலே ஆர்வம், உலகுக்குத் தொண்டு செய்ய ஆசை. மற்றொரு சாரார் பட்ட துன்பத்தை மாத்திரம் விரித்தெழுதி, இரக்கத்தை வேண்டி நிற்கின்றனர். முன்னதிலே ஆளைக் காணோம். பின்னதிலே ஆராய்ச்சியைக் காணோம். பிறந்த ஊருக்கும் ஆராயும் பொருளுக்கும் தொடர்பு இருத்தல்கூடும் என்பது இரு சாராருக்குமே தோன்றுவதில்லை.

அத்தொடர்பு எத்தகையது என்பதற்கு ராஜ் ரெட்டி என்பாரின் வரலாறு சான்றாகும். இவர் 1937 ஆம் ஆண்டு அந்நாளைய சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்திலே காட்டூர் என்னும் சிற்றூரில் வேளாண் குடியொன்றிற் பிறந்தவர். தாய்மொழி தெலுங்கு. பலகையும் தாளும் அரிதாயிருந்த அவ்வூரிலே மணலிலே எழுதிப் பழகியவர். தம் குடும்பத்திற் கல்லூரி கண்ட முதல்வர். சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலே 1958 இற் பட்டம் பெற்றார். பெற்றது கணினிப் பட்டமன்று. கட்டடமும் பாலமும் அமைக்கும் குடிசார் பொறியியற் பட்டம். அங்கிருந்து அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்று 1960 இல் முதுநிலைப் பட்டம் பெற்று, ஐ.பி.எம். நிறுவனத்திலே மூன்றாண்டு பணிபுரிந்தார். பின்பு அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தை அடைந்து, செயற்கை நுண்ணறிவு என்னும் பெயரையே அத்துறைக்கு இட்ட ஜோன் மக்கார்த்தியிடம் மாணவரானார்.

அங்கே அவர் தேர்ந்துகொண்ட ஆராய்ச்சிப் பொருளே கவனிக்கத்தக்கது. கணினியோடு பேசுவதற்கு அக்காலத்திலே துளை அட்டைகளும் தட்டச்சுப் பொறியும் வேண்டும், ஆங்கிலமும் வேண்டும். ரெட்டியோ மனிதர் வாயாற் பேசுவதை இயந்திரம் நேரே கேட்டறியச் செய்தல் கூடுமா என்று ஆராயத் தொடங்கி, 1966 இல் அதன்பாற் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1969 இற் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே அவருடைய குழுவினரிடையே உருவாகி 1976 இல் நிறைவெய்திய 'ஹார்ப்பி' என்னும் பொறி 1,011 சொற்களை அறிந்துகொள்ள வல்லதாயிருந்தது. 1994 ஆம் ஆண்டிலே, கணினி விஞ்ஞானிகள் மிக உயர்ந்ததாகக் கருதும் டூரிங் விருது அவருக்கும் எட்வேட் பைகன்பாம் என்பாருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. எழுத்தறியாதவரும் நாட்டுப்புறத்தவரும் கணினியைப் பயன்படுத்த வேண்டும் என்னும் கருத்தைப் பிற்காலத்திலே அவர் இடையறாது வற்புறுத்திவந்தமையை நோக்கின், காட்டூர் அவரை விட்டு அகலவில்லை என்றே கொள்ளவேண்டும்.

இயந்திரம் பேச்சைக் கேட்பது எங்ஙனம்? வாயினின்றும் புறப்படும் ஒலி காற்றிலே அதிர்வாகச் செல்லுகின்றது. ஒலிவாங்கி அதனை மின்னலையாக மாற்ற, கணினி அவ்வலையின் உயரத்தை ஒரு செக்கனிலே ஏறக்குறைய 16,000 முறை அளந்து எண்களாகக் குறித்துக்கொள்ளுகின்றது. பின்னர் அவ்வெண்களைச் செக்கனின் நூறிலொரு பங்கு அளவான துண்டங்களாக்கி, ஒவ்வொரு துண்டத்திலும் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு வலிமையோடு உள்ளது என்று கணிக்கின்றது. இத்துண்டம் அகரமாகலாம், இது மகரமாகலாம் என்று நிகழ்தகவு கண்டு, எவ்வொலிக்குப்பின் எவ்வொலி வருதல் இயல்பு, எச்சொல்லின்பின் எச்சொல் வருதல் இயல்பு என்னும் அறிவினையும் சேர்த்துச் சொல்லை ஊகிக்கின்றது. இவ்வறிவு பிறவியிலே வருவதன்று. பல்லாயிரம் மணித்தியாலப் பேச்சையும், அப்பேச்சின் எழுத்துருவையும் ஊட்டி ஊட்டியே பெறுவது. ஊட்டியது எதுவோ அதனையே அது அறியும்.

வன்னி மாணவரின் வினா இங்கேதான் பிறக்கின்றது. இயந்திரங்களுக்கு இதுகாறும் ஊட்டப்பட்ட தமிழ் பெரும்பாலும் தமிழ்நாட்டுத் தமிழ். வன்னிக் கமக்காரர் காலபோகம், சிறுபோகம் என்பார். தஞ்சை உழவர் சம்பா, குறுவை என்பார். ஈழத்தார் 'காற்று' என்னும்பொழுது இரட்டை றகரத்தை நுனிநாவால் வல்லென்று ஒலிப்பர். தமிழ்நாட்டார் பலர் அதனையே வேறுவிதமாக ஒலிப்பர். இதுவும் அதுவுமன்றி, இடையிலுள்ளதைச் சுட்டும் 'உது' என்னும் பழஞ்சொல் ஈழத்துப் பேச்சிலே இன்னும் உயிரோடு உலவுகின்றது. தமிழ்நாட்டுப் பேச்சு மாத்திரம் கேட்டு வளர்ந்த இயந்திரத்துக்கு 'உவன் எங்கை போறான்' என்பது தமிழாகவே தோன்றாது.

பொருளிலும் இவ்விடர் உண்டு. முல்லைத்தீவுக் கடற்றொழிலாளர் காற்றுகளைச் சோழகம், வாடை, கொண்டல், கச்சான் என்று திசைவாரியாகப் பெயரிட்டு வழங்குவர். மேற்றிசைக் காற்றாகிய அக்கச்சானே ஈழத்திலே நிலக்கடலைக்கும் பெயர். கோயில் வீதியிலே விற்கும் கச்சானையும் கடலிலே வீசும் கச்சானையும் ஐந்து வயதுப் பிள்ளை மயங்காது பிரித்தறியும். இயந்திரத்துக்கோ அக்கம்பக்கச் சொற்களைக்கொண்டே அது தெளிவாதல் வேண்டும். வானிலை எச்சரிக்கையை மொழிபெயர்க்கும் பொறி இவ்விடத்திலே சறுக்குமாயின் விளைவு நகைப்போடு முடிந்துவிடாது. இத்தகைய வினாவை எழுப்பவல்லவர் யார்? அமெரிக்கப் பேராசிரியர் அல்லர். கொக்கிளாயிலோ முள்ளிவாய்க்காலிலோ பாட்டனாரோடு கடற்கரையில் நின்றவரே.

எழுத்துத்துறையிலும் வேலை குறைவன்று. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுக்கப்பட்ட ஒருங்குறி, 1991 ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியது. அம்முறையிலே 'தமிழ்' என்னும் சொல் நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. கணினிக்கோ தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறியீடு. எழுத்தெண்ணுதல், அகரவரிசைப்படுத்தல் முதலிய எளிய செயல்களுக்கும் இதனால் தனிக்கணக்கு வேண்டும். அதற்குமுன் ஈழத்திலே பெருவழக்காயிருந்த 'பாமினி' என்னும் எழுத்துரு, உரோம எழுத்தின் இடங்களிலே தமிழ் வடிவங்களை ஏற்றிவைத்தது. அதனால் அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே பழைய கட்டுரைகள் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றுகின்றன. அவற்றை மாற்றும் செய்ந்நிரல்கள் உண்டு. எனினும் அவ்வாறு அடைபட்டுக் கிடக்கும் கோப்புகள் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் எத்தனையோ!

1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபொழுது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. எஞ்சிய ஈழத்து நூல்களைப் படம்பிடித்துக் காக்கும் பணியை நூலகம் என்னும் நிறுவனம் 2005 ஆம் ஆண்டு தொடக்கம் செய்துவருகின்றது. ஆயினும் படம் வேறு, எழுத்து வேறு. பக்கத்தின் படத்திலே ஒரு சொல்லைத் தேடிக் காணமுடியாது. அதனை எழுத்தாக மாற்றும் எழுத்துணரி வேண்டும். சீர்திருத்தத்துக்கு முந்திய லை, ணை, னா முதலிய பழைய வடிவங்களிலே அச்சான நூல்களைப் புதிய வடிவம் மாத்திரம் கற்ற எழுத்துணரி தவறாகப் படிக்கின்றது. இதுவும் நல்லதோர் ஆராய்ச்சிப் பொருள். பெருஞ்செலவு வேண்டுவதன்று, பொறுமை வேண்டுவது.

நெற்பயிரின் இலையைப் படம்பிடித்து நோயை அறிதல், குளத்து நீர்மட்டத்தை உணரிகளால் அளந்து அறிவித்தல் முதலியவற்றையும் மாணவர் விரும்புகின்றனர். உலகெங்கும் பலர் செய்வதனால் இவற்றிலே புதுமை காணல் அரிது. எனினும் கபில நிறத் தத்தியால் ஒரு போகத்தை இழந்த குடும்பத்துப் பிள்ளை அதனைத் தேர்ந்தால் தடுப்பதற்கில்லை.

இடர்கள் இல்லாமலில்லை. பள்ளியிலே தமிழிற் கற்றவர் பல்கலைக்கழகத்திலே ஆங்கிலத்திற் கற்கவேண்டியிருத்தலின் முதலாண்டு பெரும்பாலும் மொழியோடு மல்லாடுவதிலேயே கழிகின்றது. ஆனால் அவர் பிறந்தது முதல் கேட்ட தமிழ், தமிழ்ப் பேச்சாராய்ச்சியிலே எந்த ஆங்கிலத்தாலும் ஈடுசெய்யமுடியாத கருவியாகின்றது. பெரிய இயந்திரங்களைப் பயிற்றுதற்கு வேண்டிய கணிப்பாற்றல் வவுனியாவில் மாத்திரமன்றிக் கொழும்பிலும் எளிதிற் கிட்டுவதன்று. அதனால் சிறிய தரவைக்கொண்டு நன்கு கற்பிக்கும் வழிகளையே இவர்கள் நாடவேண்டியிருக்கின்றது. அவ்வழிகளோ இன்று சிறுமொழிகள் யாவற்றுக்கும் தேவையாகி, அறிஞர் பலரால் ஆராயப்படுகின்றன.

தரவு என்பது வேறொன்றுமன்று. மக்கள் பேசிய பேச்சே. மொஸில்லா நிறுவனத்தின் 'கொமன் வொய்ஸ்' திட்டத்திலே எவரும் தம் குரலைத் தமிழிலே பதிவுசெய்து கொடுக்கலாம்; தம் வட்டார உச்சரிப்பையும் குறிப்பிடலாம். ஒரு மாணவர் கைப்பேசியோடு இரணைமடுக் குளத்தின்கீழுள்ள கமக்காரரிடத்தும், நெடுங்கேணிப் பாட்டிமாரிடத்தும், வட்டுவாகல் மீனவரிடத்தும் அமர்ந்து, அவரவர் இசைவோடு நாளுக்கு அரை மணித்தியாலம் பதிந்தாராயின், ஈராண்டிலே முந்நூறு மணித்தியாலத்துக்கு மேற் சேரும். வயது முதிர்ந்தோரை முதலிலே நாடுதல் நன்று. அவர்களிடத்துள்ள சொற்களிற் பல பேரப்பிள்ளைகளிடத்து இல்லை.