கோழிக்கும் உண்டு பழையது

கொல்கத்தாவின் கிழக்கு விளிம்பில் சுமார் 12,500 ஹெக்டேர் பரப்பில் ஏரிகளும் வயல்களும் விரிந்து கிடக்கின்றன. நகரத்தின் சாக்கடை நீர் அங்கே வந்து சேர்கிறது. வெயிலும் பாசியும் நுண்ணுயிர்களும் அதைத் தெளிய வைக்க, அந்த நீரிலேயே மீன் வளர்கிறது. பக்கத்தில் தாபா குப்பைமேட்டை ஒட்டிய நிலங்களில் காய்கறி விளைகிறது. இதன் அருமையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் சூழலியலாளர் துருபஜோதி கோஷ். 2002 ஆகஸ்டில் இந்த ஈரநிலம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

வீணாகப் போவதை உணவாக்கும் இந்த அறிவின் சின்ன வடிவம் ஒன்று வீட்டுக் கொல்லைக்கும் ஏற்றது. கோழித் தீவனத்தைப் புளிக்க வைத்துக் கொடுப்பதுதான் அது.

கோழி வளர்ப்பில் ஆகும் செலவில் 60 முதல் 70 விழுக்காடு தீவனத்துக்கே போகிறது. கரியா, சோனார்பூர், பாருய்பூர் என்று நகரம் தெற்கே கிராமத்தோடு கலக்கும் இடங்களில் நாலைந்து கோழி வைத்திருக்கும் வீட்டுக்குக் கடைத் தீவன மூட்டை கட்டுப்படியாகாது. நொய்யும் தவிடும் மிஞ்சிய சோறும்தான் பெரும்பாலும் கோழிக்கு விழுகிறது. அந்த மலிவான பொருள்களிலிருந்து கூடுதல் சத்தை எடுத்துத் தரும் வழி இருக்கும்போது, அதை அறியாமல் இருப்பது நஷ்டம்.

பாந்தா பாத் தெரிந்த வீடு

நமக்குப் பழைய சோறும் நீராகாரமும் எப்படியோ, வங்காளிகளுக்கு அப்படித்தான் பாந்தா பாத். இரவில் நீரூற்றி வைத்த சோறு காலையில் இலேசாகப் புளித்திருக்கும். அதன் தெளிநீரை ஆமானி என்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டில் முகுந்தராம் சக்கரவர்த்தி எழுதிய சண்டிமங்கல் காவியத்தில், வேடன் மனைவி ஃபுல்லராவின் குடிசையில் பாத்திரம்கூட இல்லை. ஆமானி குடிக்கத் தரையில்தான் குழி இருக்கிறது. அவ்வளவு பழைய உணவு இது. பாத்ர மாதக் கடைசியில் வரும் அரந்தன் நாளில் அடுப்பு மூட்டாமல், முதல் நாள் சமைத்த சோற்றைச் சாப்பிடும் வழக்கம் இன்றும் உண்டு.

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பக்கம் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இட்லி மாவு தெரியும். மாவு பொங்குவதற்கு லூக்கோனோஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்ற பாக்டீரியா முக்கியக் காரணம் என்று 1965-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். கோழித் தீவனத்தைப் புளிக்க வைப்பதும் இதே குடும்பத்து நுண்ணுயிர்களே. ஆக, வங்காளி வீடானாலும் தமிழ் வீடானாலும் அடிப்படைக் கைப்பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது.

பாத்திரத்துக்குள் நடப்பது

தானியத்தின் மேலேயே லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் இருக்கின்றன. தானியம் நீரில் மூழ்கிக் காற்று குறைந்ததும் அவை பெருகி, மாவுச்சத்தையும் சர்க்கரையையும் தின்று அமிலம் விடுகின்றன. புளிப்பு ஏறி, அமில அளவு பி.எச். 4.5-க்குப் பக்கம் வரும்போது சால்மோனெல்லா போன்ற நோய்க்கிருமிகள் அங்கே எளிதில் பெருக முடியாது.

இன்னொரு பயன் பாஸ்பரஸ். தானியத்திலும் தவிட்டிலும் உள்ள பாஸ்பரஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஃபைட்டிக் அமிலத்தில் பூட்டப்பட்டிருக்கிறது. கோழியின் வயிற்றுக்கு அந்தப் பூட்டைத் திறக்கும் திறன் குறைவு. திறக்கும் நொதியின் பெயர் ஃபைட்டேஸ். 1907-இல் ஜப்பானின் உமெடாரோ சுசுகியும் உடனிருந்தவர்களும் அதை முதலில் கண்டது அரிசித் தவிட்டில்தான். ஊறலும் புளிப்பும் சேரும்போது இந்த நொதி வேலை செய்யத் தொடங்குகிறது. பாஸ்பரஸோடு துத்தநாகம், இரும்பு போன்றவையும் கோழிக்கு ஓரளவு கூடுதலாகக் கிடைக்கின்றன.

ஆனால் அளவோடுதான் எதிர்பார்க்க வேண்டும். புளித்த ஈரத் தீவனத்தை முட்டைக் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்த டேனிஷ் ஆய்வு ஒன்று 2009-இல் வெளியானது. முட்டை எண்ணிக்கையில் பெரிய மாற்றம் இல்லை. முட்டையின் எடை கூடியது, ஓடு உறுதிப்பட்டது. கோழிகள் அந்தத் தீவனத்துக்குப் பழக நாள் பிடித்தது. ஒன்றையொன்று கொத்துவதும் கூடியிருந்தது. புளிக்க வைப்பது இருக்கிற சத்தை எளிதாக்கித் தரும். இல்லாத புரதத்தை உண்டாக்காது.

பட்டேவியா கோழிகள் சொன்ன பாடம்

மிஞ்சிய சோற்றை மட்டும் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகப் புகழ்பெற்ற சான்று உண்டு. 1890-களில் ஜாவாவின் பட்டேவியாவில் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மேன் வளர்த்த ஆய்வுக்கூடக் கோழிகள் கால் துவண்டு விழுந்தன. ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய, தீட்டிய அரிசிச் சோறு அவற்றுக்குப் போயிருந்தது. புதிதாக வந்த சமையல்காரர் அந்தச் சோற்றைத் தர மறுத்து, தீட்டாத அரிசிக்கு மாறியதும் கோழிகள் தேறின. தவிட்டில் ஏதோ உயிர்ச்சத்து இருக்கிறது என்ற தடம் அங்கே கிடைத்தது. தயமின் என்னும் வைட்டமின் பி1 பற்றிய அறிவுக்கு அது வழிவிட்டது. 1929-இல் ஐக்மேனுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

வெறும் வெள்ளைச் சோற்றைப் புளிக்க வைத்தாலும் அது கோழிக்கு முழு உணவாகாது. தவிடு வேண்டும், புரதம் வேண்டும், சுண்ணாம்புச் சத்து வேண்டும்.

ஐந்து கோழிக்கு ஒரு நாள் கணக்கு

வளர்ந்த முட்டைக் கோழி ஒன்று நாளைக்கு 100 முதல் 120 கிராம் வரை உலர் தீவனம் தின்னும். அடைத்து வளர்க்கும் ஐந்து கோழிக்கு அரைக் கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். உடைத்த மக்காச்சோளம் 225 கிராம், கோதுமை 75, அரிசித் தவிடு 75, கடையில் விற்கும் சோயாப் புண்ணாக்கு 100, உப்பிடாத கருவாட்டுத் தூள் 25. இதில் சுமார் 18 விழுக்காடு புரதம் தேறும். கூடவே கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும் தாது உப்புக் கலவை, பொட்டலத்தில் சொன்ன அளவில். மேய்ச்சலுக்குப் போகும் கோழிக்குப் பாதி அளவே போதும்.

கருவாட்டுத் தூளையும் தாது உப்பையும் தனியே எடுத்து வைத்துவிட்டு, மற்றவற்றைக் கண்ணாடி, பீங்கான் அல்லது உணவுக்கான பிளாஸ்டிக் பாத்திரத்தில் போடுங்கள். அமிலம் அரிக்கும் என்பதால் அலுமினியமும் செம்பும் ஆகாது. தானியத்துக்கு மேல் இரண்டு விரற்கடை நீர் நிற்க வேண்டும். குழாய் நீரில் குளோரின் இருக்கும். முதல் நாள் இரவே பிடித்துத் திறந்து வைத்தால் பெருமளவு போய்விடும். காற்று வெளியேறும்படி தளர்வாக மூடி, நாளுக்கு இருமுறை கிளறுங்கள்.

கொல்கத்தாவின் சித்திரை, வைகாசி வெக்கையில் ஒரே நாளில் புளித்துவிடும். தை மாதக் குளிரில் இரண்டு மூன்று நாள் ஆகலாம். நீர் மட்டத்தில் சின்னக் குமிழி, தயிர் போன்ற மணம் இரண்டும் பக்குவத்தின் அடையாளம். வடித்த நீரில் ஒரு குவளையை அடுத்த ஈட்டுக்கு உறையாக ஊற்றினால் சீக்கிரம் புளிக்கும். கொடுக்கும் நேரத்தில் கருவாட்டுத் தூளையும் தாது உப்பையும் கலந்துகொள்ளலாம்.

முதல் வாரம் வழக்கமான தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் புளித்ததைச் சேர்த்துப் பழக்குங்கள். தட்டுகளை இரண்டு மூன்று இடத்தில் வைத்தால் சண்டை குறையும். சில மணி நேரத்தில் தின்று தீரும் அளவே வையுங்கள், மிச்சத்தை எடுத்துவிடுங்கள். முட்டையோட்டுக்கான கிளிஞ்சல் தூள் தனிக் கிண்ணத்தில் எப்போதும் இருக்கட்டும். முட்டையிடும் கோழிக்கு நாளைக்கு ஏறக்குறைய நான்கு கிராம் கால்சியம் தேவை.

கடுகுப் புண்ணாக்கில் கவனம்

வங்காளத்தில் எளிதாகக் கிடைக்கும் புண்ணாக்கு கடுகுப் புண்ணாக்குதான். கொல்கத்தாவின் மொட்டைமாடித் தோட்டக்காரர்கள் அதை நாள்கணக்கில் ஊற வைத்து, நெடியடிக்கும் கரைசலைச் செடிக்கு ஊற்றுவார்கள். அந்தக் கரைசல் செடிக்கு உரம். கோழிக்கு அதைக் காட்டவே கூடாது.

கடுகுப் புண்ணாக்கில் குளுக்கோசினோலேட் என்ற காரப்பொருள்கள் உண்டு. மிகுந்தால் தைராய்டு சுரப்பியைப் பாதிக்கும். அதிலுள்ள சைனப்பின் என்ற பொருளால், பழுப்பு முட்டையிடும் சில கோழிகளின் முட்டையில் மீன் வாடை ஏறும். இதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2005-இல் பின்லாந்து ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். மேற்கு வங்கத்தில் புழக்கடைக் கோழியாகப் பரப்பப்படும் ரோட் ஐலண்ட் ரெட் பழுப்பு முட்டையிடும் இனம். அதை வளர்ப்பவர்கள் கடுகுப் புண்ணாக்கைத் தவிர்ப்பதே நல்லது.

பச்சை சோயா மொச்சையும் அப்படியே. அதில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. ஒரு நாள் புளிப்பு அதை முழுமையாகப் போக்காது. வறுத்தோ வேகவைத்தோதான் கொடுக்க வேண்டும்.

புளிப்பு வேறு, அழுகல் வேறு

மேலே மெல்லிய வெள்ளை ஏடு படிந்தால் பெரும்பாலும் ஈஸ்ட், வழித்தெடுத்துவிட்டுப் பயன்படுத்தலாம். பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சு போலப் பூசணம் பூத்தால், அழுகிய வாடை வந்தால், மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும். மேலாக மட்டும் வழித்தெடுப்பது போதாது.

பூசணம் பிடித்த தானியத்தைப் புளிக்க வைத்துச் சரிசெய்துவிடலாம் என்ற எண்ணம் ஆபத்தானது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. தீவனத்தில் கலந்திருந்த பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கே காரணம். அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. வீட்டுப் புளிப்பு அந்த நஞ்சை நம்பத்தகுந்த அளவில் நீக்காது. ஆனி முதல் புரட்டாசி வரை காற்றே ஈரமாக இருக்கும் கொல்கத்தாவில் மக்காச்சோளத்தையும் தவிட்டையும் கொஞ்சமாக வாங்கி, உலர்ந்த டப்பாவில் வைப்பது அவசியம்.

புளித்த தீவனம் மருந்தும் அல்ல. வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசிதான் வழி. 2008 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் பறவைக் காய்ச்சல் பரவி லட்சக்கணக்கான கோழிகள் அழிக்கப்பட்டபோது, ஏழை வீடுகளின் புழக்கடைக் கோழிகளும் போயின. தீவனத் தட்டைக் காகமும் நீர்ப்பறவையும் நெருங்காத இடத்தில், கூரைக்குக் கீழே வைப்பதும், கோழிகள் திடீரெனச் செத்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்வதும் கடமை.

குஞ்சோடு கொடுக்க வேண்டியது

வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரியில் நிறுத்தியது. இந்தியா 2019 ஜூலையில் உணவுக்கான விலங்குகளுக்குக் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுப்பதைத் தடைசெய்தது. மருந்தில்லாமல் கோழியின் குடல் நலத்தைக் காப்பது எப்படி என்ற கேள்வி உலகெங்கும் எழுந்திருக்கும் காலம் இது. அதற்கான விடைகளில் ஒன்று நம் சமையலறைகளில் கைவசம் இருக்கிறது.

மேற்கு வங்க அரசு மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குக் கோழிக்குஞ்சு வழங்குகிறது. தமிழ்நாட்டிலும் இத்தகைய திட்டம் உண்டு. குஞ்சை வாங்கிப்போகும் பெண்ணின் கையில் என்ன கொடுக்கலாம், எதை எப்படிப் புளிக்க வைக்கலாம், எப்போது கொட்டிவிட வேண்டும் என்பதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 1893-இல் தொடங்கிய வங்காளக் கால்நடைக் கல்லூரியின் மரபு கொல்கத்தாவின் பெல்காச்சியாவில் பல்கலைக்கழகமாக வளர்ந்து நிற்கிறது. அங்குள்ள அறிஞர்கள் உள்ளூர் நொய், தவிடு, புண்ணாக்கு ஆகியவற்றுக்கான அளவுகளைச் சோதித்து, எளிய வங்க மொழியில் ஒரே பக்கத் தாளாக அச்சிட்டு ஊர் ஊராகத் தர முடியும். சோறு புளிப்பதையும் கெடுவதையும் மூக்கை வைத்தே பிரித்தறியும் பெண்களுக்கு அந்த ஒரு பக்கம் போதும். மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.